போர்டு ஷார்ட்ஸ் பன்னிரண்டு

முதல் கால்சட்டையைத் தைத்து முடித்து மேசைமேல் விரித்தபோது, தைத்த பிரிஜிட்டுக்கே அது கால்சட்டையாகத் தெரியவில்லை. ஜன்னலுக்குத் திரையாகப் போடலாம் போல இருந்தது. துணி வெட்டும் கமலவேணி அதைத் தூக்கி, ஒரு காலுக்குள் தன் இரண்டு கால்களையும் விட்டுப் பார்த்தாள். இன்னொரு கால் காலியாகத் தொங்கியது.

"அக்கா, அந்தப் பக்கம் நீங்க வாங்க. ரெண்டு பேரும் இப்படியே ரெம்பியா பாசாருக்கு ஒரு நடை போயிட்டு வந்துரலாம்."

தையல் மெஷின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. மற்ற மூன்று பெண்களும் சிரித்தார்கள். பிரிஜிட்டும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்த இடுப்பை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தவளுக்குச் சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று.

அன்றைக்குத் திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள்.

ரெம்பியாவுக்கு வெளியே, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருந்தது பிரிஜிட்டின் தையல் கொட்டகை. ஐந்து மெஷின், பிரிஜிட்டோடு ஐந்து பெண்கள். பதினாறு வருடமாகப் பள்ளிச் சீருடை தைத்தார்கள். இப்போது தாய் தகப்பன்மார் கைப்பேசியைத் தடவினால் சீருடை வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. போன மாதம் ஒரு கையுறைத் தொழிற்சாலையிலிருந்து ஆள் வந்து நான்கு பெண்களிடமும் வேலை விண்ணப்பத் தாள் கொடுத்துவிட்டுப் போனான். விடிவதற்கு முன் பஸ் வருமாம், இருட்டிய பிறகு கொண்டுவந்து விடுமாம். நான்கு பேரும் தாளை நிரப்பிக் கைப்பையில் வைத்திருந்தார்கள். கையெழுத்து மட்டும் போடவில்லை. வெள்ளிக்கிழமை வரை பார்க்கிறோம் அக்கா என்று சொல்லியிருந்தார்கள்.

ஏனென்றால் பிளாங்கோ என்கிற வெளிநாட்டு விளையாட்டு உடுப்புக் கம்பெனி, பன்னிரண்டு கால்சட்டை தைத்துக் காட்டச் சொல்லியிருந்தது. பிடித்துப்போனால் ஒரு வருடத்துக்கு வேலை. பிடிக்காவிட்டால் திங்கட்கிழமை பஸ்.

கம்பெனி அனுப்பிய துணியைப் பார்த்துத்தான் இவர்கள் மயங்கிப்போனார்கள். கடல் நீலம். கடலில் மிதந்த பிளாஸ்டிக் பாட்டிலையும் கிழிந்த மீன் வலையையும் பொறுக்கி, உருக்கி, நூலாக்கி நெய்ததாம். துணி வந்த அன்று ஐந்து பேரும் அதைத் தடவினார்கள், கன்னத்தில் வைத்தார்கள். ஆரஞ்சு சோடா வாசம் வருகிறதா என்று கமலவேணி முகர்ந்துகூடப் பார்த்தாள்.

துணியோடு இரண்டு தாள் வந்தது. ஒன்றில் ஆர்டர். போர்டு ஷார்ட்ஸ், பன்னிரண்டு. அளவு நாற்பத்திரண்டில் நான்கு, நாற்பத்துநான்கில் ஐந்து, நாற்பத்தாறில் மூன்று. அவ்வளவுதான்.

இன்னொரு தாள் சுற்றுச்சூழல் தாள். அது நீளம்; துணி கொண்டுவந்தவனே வாசித்துச் சொன்னான். கொடுத்திருக்கும் துணி நான்கு கிலோ. அதில் இருநூறு கிராமுக்கு மேல் குப்பையாகப் போனால் ஆர்டர் ரத்து. வெட்டிய துண்டைக் குப்பையில் போடக் கூடாது, எரிக்கக் கூடாது, புதைக்கக் கூடாது, ஒளிக்கவும் கூடாது. ஆள் வந்து நிறுத்துப் பார்ப்பார்.

போர்டு என்றால் என்ன என்பதில் பிரிஜிட்டுக்குச் சந்தேகமே வரவில்லை. பள்ளிக்கூட போர்டு, கூட்டுறவு போர்டு, மண்டப போர்டு என்று எத்தனையைப் பார்த்தவள். போர்டு என்றால் நீளமான மேசையைச் சுற்றி உட்கார்ந்து கறிபாப் பலகாரம் சாப்பிடுகிற பெரிய மனிதர்கள். கம்பெனியின் பெரிய மனிதர்களுக்கு விளையாட்டுக் கால்சட்டை வேண்டும் போலிருக்கிறது, கோல்ஃப் கீல்ஃப் ஆடுவார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அளவும் அதற்குத் தோதாகத்தான் இருந்தது. முப்பத்திரண்டு இஞ்ச் இடுப்போடு எந்த போர்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? அதனால் பன்னிரண்டையும் இஞ்ச் கணக்கில் தாராளமாக வெட்டினார்கள். கௌரவமாக மடிப்பு வைத்து, பெல்ட் போட வளையம் வைத்து, தொடைப் பக்கம் பேனா குத்திக்கொள்ள ஒரு நீளப் பையும் வைத்தாள்.

இப்போது முடிந்து மேசைமேல் கிடப்பதைப் பார்த்த பிறகுதான் சந்தேகம் வந்தது. விளையாட்டுக் கம்பெனிக்கு இப்படியா தைப்பார்கள்?

கம்பெனிக்கே போன் போட்டுக் கேட்டால் என்ன என்றாள் கமலவேணி. பிரிஜிட் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"கேட்டா என்னடி நினைப்பான்? போர்டுனா என்னன்னே தெரியாதவகிட்ட ஒரு வருஷ வேலையைக் குடுப்பானா?"

அதனால் நவரட்ணம் அங்கிளைக் கூப்பிட்டார்கள்.

நவரட்ணம் நில அளவை ஆபீசில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். வயது எழுபத்து மூன்று. ரெம்பியாவில் யாருக்கு ஆங்கிலக் கடுதாசி வந்தாலும் அவர்தான் படித்துச் சொல்வார். ஆஸ்பத்திரிக் கடுதாசியைப் படிக்கும்போது முகத்தைச் சோகமாகவும், கல்யாணப் பத்திரிகையைப் படிக்கும்போது மலர்ச்சியாகவும் வைத்துக்கொள்ளும் நல்ல மனிதர். மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கண்ணாடிக் கூட்டைத் திறந்து கண்ணாடியை மாட்டினார். தாளின் அடியில் எறும்பு மாதிரி இருந்த எழுத்தையெல்லாம் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"பிள்ளை, போர்டு எண்டா கூட்டம் போடுற போர்டு எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை என்றாள் பிரிஜிட்.

"இது பலகை. கடல்ல மிதக்கிற பலகை. அதில ஏறி நிண்டுகொண்டு அலைக்கு மேல போவினம். இந்தக் கம்பெனி அந்தப் பொடியளுக்கு உடுப்புச் செய்யிற கம்பெனி. அடியில எழுதியிருக்கு, பார்."

ஐந்து பெண்களும் தாளைப் பார்த்தார்கள். ஆங்கிலம் அசையாமல் இருந்தது. அலைமேல் எப்படி நிற்பது என்று கமலவேணி கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது.

நவரட்ணம் அந்த நாற்பத்தாறு இஞ்ச் கால்சட்டையைத் தன் பேண்ட்டுக்கு மேலேயே மாட்டிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்து மூடினார். இஸ்திரி போடும் பலகையைத் தாழ இறக்கச் சொல்லி, பிரிஜிட்டின் தோளைப் பிடித்து அதன்மேல் ஏறினார். முழங்காலை மடக்கி, இரண்டு கையையும் விரித்து, தூரத்தில் ஏதோ பெரிய அலை வருவதைப் போலச் செம்பனை மரங்களைப் பார்த்தார். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. கைதட்டல்கூட எழுந்தது. அந்த நேரத்தில் கால்சட்டை மெல்ல இறங்கிக் கணுக்காலில் விழுந்தது. அதைப் பிடிக்கக் குனிந்தார். இஸ்திரிப் பலகையின் கால் மடங்கியது. நல்லவேளை, பக்கத்தில் வெட்டிக் குவித்திருந்த கடல் நீலத் துணிமேல் விழுந்தார்.

விழுந்த இடத்திலிருந்தே தீர்ப்பு சொன்னார்.

"கண்டீங்களோ? அலை வர முன்னமே இது போயிடும். இந்த நம்பர் இஞ்ச் இல்லை. ஐரோப்பாக்காரன்ர நம்பர். நான் சப்பாத்து வாங்கேக்க பார்த்திருக்கிறன், அவன்ர நம்பரே வேற. இடுப்புக்குப் பத்தைக் கழிக்க வேணும். நாப்பத்திரண்டு எண்டா முப்பத்திரண்டு."

பத்தைக் கழித்தால் முப்பத்திரண்டு, முப்பத்துநான்கு, முப்பத்தாறு. எல்லாம் அலையில் நிற்கிற பையன்களின் இடுப்பு. பிரிஜிட்டுக்குக் கண்ணைக் கட்டி இருந்ததை அவிழ்த்துவிட்டது போல ஆனது. பாருங்கள், ஒரு நிமிடத்தில் எல்லாமே எவ்வளவு பொருத்தமாகச் சேர்ந்துவிட்டது. அவள் அங்கிளுக்கு இரண்டு கையாலும் தேத்தண்ணி கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை கொட்டகை பறந்தது. ஒருத்தி பிரித்தாள், ஒருத்தி வெட்டினாள், மூன்று பேர் தைத்தார்கள். ஒவ்வொரு கால்சட்டையிலும் பத்து இஞ்ச் குறைத்தார்கள். மடிப்பு போயிற்று, பெல்ட் வளையம் போயிற்று. பேனாப் பையைப் பிரித்தால் துணியில் ஊசித் துளை தெரிந்ததால், அதை மட்டும் வாயை மூடித் தைத்துவிட்டார்கள். சாயந்தரம் பன்னிரண்டு ஷார்ட்ஸும் கொடியில் வரிசையாகத் தொங்கின. காற்றில் அவை ஆடிய ஆட்டத்தைப் பார்த்தால் அப்படியே கடலுக்கு ஓடிவிடும் போல இருந்தது. இளசான ஷார்ட்ஸ். பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டார்கள்.

கமலவேணி மட்டும் மேசைக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இதை என்ன பண்றது?"

வெட்டிய துண்டு ஒரு மலை. அவள் அண்ணன் பாசாரில் மீன் விற்கிறவர். ஓடிப்போய் அவருடைய தராசை வாங்கி வந்தாள். ஒரு கிலோ நூறு கிராம். கம்பெனி விட்டுவைத்தது இருநூறு.

கடலில் கிடந்த குப்பையை எடுத்துத் துணியாக்கி அனுப்பினான், நாம் அதைத் திரும்பவும் குப்பையாக்கிவிட்டோமே என்றாள் மூலை மெஷின்காரி. அதைக் கேட்டதும் பிரிஜிட்டுக்கு ஒரு யோசனை வந்தது. குப்பை என்று கிடந்தால்தானே குப்பை? ஷார்ட்ஸுக்கு உள்ளேயே போய்விட்டால்?

புதன்கிழமை துண்டையெல்லாம் ஒட்டுப் போட்டு, ஒவ்வொரு ஷார்ட்ஸுக்கும் உள்ளே இன்னொரு துணியாக வைத்துத் தைத்தார்கள். ஒட்டின்மேல் ஒட்டு, தையலின்மேல் தையல். முடித்ததை மேசைமேல் வைத்தார்கள். ஆள் இல்லாமலே அது நின்றது. தட்டிப் பார்த்தார்கள். டொக் என்றது.

அந்த நேரத்தில் நவரட்ணம் வந்தார். திங்கட்கிழமையிலிருந்து கண்ணாடியைக் காணவில்லை, இங்கே விட்டேனா என்று கேட்டார். இஸ்திரிப் பலகைக்கு அடியில், துணிக்கு அடியில், தேத்தண்ணி மங்குக்குப் பக்கத்தில் எல்லாம் தேடினார்கள். இல்லை. மேசைமேல் தானாக நின்ற ஷார்ட்ஸை அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"பிள்ளை, இதைப் போட்டுக்கொண்டு கடல்ல இறங்கினா பொடியன் திரும்பி வரமாட்டான்."

திரும்பவும் பிரித்தார்கள்.

வியாழக்கிழமை காலையில் பிரிஜிட் கொட்டகைக்கு நடந்து வரும்போது ஒரு லோரி அவளைத் தாண்டிப் போனது. அதன் பின்னால் உரமூட்டைகள் கயிறு சுருக்கிக் கட்டிக் கிடந்தன. அவள் நடு ஜாலானில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரன் ஹாரன் அடித்தான். அவளுக்குக் கேட்கவில்லை. சுருக்குப் பை! ஷார்ட்ஸைச் சும்மாவா கொடுக்க வேண்டும்? ஒவ்வொன்றையும் அதே துணியில் தைத்த ஒரு சுருக்குப் பையில் போட்டுக் கொடுத்தால் பிளாஸ்டிக் பையே வேண்டாம்.

ஓட்டமும் நடையுமாக வந்து சொன்னாள். கமலவேணி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கட்டிப்பிடித்தாள். அன்றைக்கு யாரும் பசியாறப் போகவில்லை. நீளத் துண்டு, கோணல் துண்டு, முக்கோணம் எல்லாம் சேர்ந்து பன்னிரண்டு பை ஆயிற்று. ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. தையல்களும் சேர்ந்து அலை அலையாக ஓடின. இதை ஒரு மனிதன் தோளில் மாட்டிக்கொண்டு போனால் பார்க்கிறவர்கள் எங்கே வாங்கினாய் என்று கேட்பார்கள். மீதி ஒரு பால் டின்னுக்குள் அடங்கியது. நாற்பது கிராம்.

கடைசியாக எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தார்கள். போட்ட நூலைக் கழித்துவிட்டுப் பார்த்தால் நான்கு கிலோ வர வேண்டும்.

நான்கு கிலோ எண்பது வந்தது.

"குறையக் கூடாதுன்னுதானே எழுதியிருக்கான்?" என்றாள் மூலை மெஷின்காரி. "கூடலாமா?"

கூடினால் வேறு துணியைக் கலந்துவிட்டார்கள் என்றல்லவா ஆகும் என்றாள் பிரிஜிட். திரும்ப நிறுத்தார்கள். எண்பது. தராசைத் துடைத்து நிறுத்தார்கள். எண்பது. ஒரு மீன் செதில் வந்தது, ஆனாலும் எண்பது. பிறகு ஒவ்வொரு ஷார்ட்ஸாகத் தனித்தனியே வைத்துப் பார்த்தார்கள். முப்பத்தாறு அளவில் ஒன்று மட்டும் மற்றதைவிடக் கனத்தது. கமலவேணி அதைக் காதருகே வைத்து ஆட்டினாள். உள்ளே ஏதோ கடகடவென்றது. வாயை மூடித் தைத்த பேனாப் பையைப் பிரித்தார்கள். அன்றைக்கு அலைமேல் ஏறுவதற்கு முன் நவரட்ணம் அங்கிள் அதில் செருகிக்கொண்ட கண்ணாடி, கூட்டோடு.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வேன் வந்தது. முன் கதவிலிருந்து தினேஸ்வரன் என்கிற கம்பெனி அதிகாரி இறங்கினான். முப்பது வயதிருக்கும். கையில் டேப்லெட். வணக்கம் சொன்னதோடு சரி, நேராகக் குப்பைத் தொட்டிக்குப் போனான். அதைக் கவிழ்த்தான். மாங்காய்க் கொட்டையும் பிஸ்கட் உறையும் விழுந்தன. கொட்டகைக்குப் பின்னால் போய்க் கால்வாயில் எட்டிப் பார்த்தான். மண்ணைக் கிளறி எதையாவது புதைத்திருக்கிறார்களா என்று பார்த்தான். எரித்த வாசம் வருகிறதா என்று மூக்கை உறிஞ்சினான். ஐந்து பெண்களும் அவனுக்குப் பின்னாலேயே போனார்கள். கண்ணாடி மாட்டிய நவரட்ணம் எல்லோருக்கும் பின்னால் போனார்.

பிறகு தன் சொந்தத் தராசை எடுத்து நிறுத்தான். ஷார்ட்ஸ், பை, பால் டின். எண்ணைப் பார்த்தான். தராசை ஒரு தட்டுத் தட்டி மறுபடியும் பார்த்தான்.

"ஆன்ட்டி, நாப்பது கிராம்தான் குப்பையா?"

ஆமாம் என்றாள் பிரிஜிட்.

"இருபத்திரண்டு கடை பார்த்துட்டேன். எல்லாரும் மூட்டை மூட்டையா வச்சிருப்பாங்க. இந்தப் பை யாரோட ஐடியா? நாங்க கேட்கவே இல்லையே லா."

அவனுக்கே உற்சாகம் தாங்கவில்லை. பைகளை வரிசையாக வைத்துப் படம் எடுத்தான். பால் டின்னைத் தனியாக எடுத்தான். ஐந்து பெண்களையும் பால் டின்னைச் சுற்றி நிற்க வைத்து எடுத்தான். சுற்றுச்சூழல் தாளில் முழு மதிப்பெண் போட்டுக் கையெழுத்து வைத்தான். கமலவேணி கைப்பையிலிருந்து கையுறைத் தொழிற்சாலைத் தாளை எடுத்து இரண்டாகக் கிழிக்கப் போனாள். பேப்பரும் குப்பைதான் அக்கா என்று அவன் தடுத்தான். அவள் அதை நாலாய் மடித்து, ஆடிக்கொண்டிருந்த தன் மெஷின் காலுக்கு அடியில் செருகினாள். மற்ற மூவரும் தங்கள் தங்கள் மெஷின் ஆடுகிறதா என்று ஆட்டிப் பார்த்தார்கள்.

பிரிஜிட் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஷார்ட்ஸ் எப்படி இருக்கிறது தம்பி, தையல் பிடித்திருக்கிறதா, ஒரு வருட வேலை உறுதிதானா என்று மெல்லக் கேட்டாள்.

"நான் குப்பை டிபார்ட்மென்ட் ஆன்ட்டி. அதுல நீங்க பாஸ். ஷார்ட்ஸ் போடுறவங்களுக்குச் சரியா இருந்துச்சுன்னா வேலை உங்களுக்குத்தான். அதை டிரைவர் அண்ணன் இப்பவே கொண்டு போய்க் குடுத்துருவாரு."

வேன் டிரைவர் அதுவரை இறங்கி நின்று, வாங்கிக் குடித்த தேத்தண்ணிக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, அமைதியான மனிதர். பெட்டியை வாங்கியவர், எண்ணிப் பார்த்துக்கொள்கிறேன் என்று பைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கடைசிப் பையின் சுருக்கை அவிழ்த்து உள்ளே இருந்த ஷார்ட்ஸை உதறி விரித்தார். இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். தன் வயிற்றில் வைத்துப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார்.

அளவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், ஐரோப்பா நம்பரில் பத்தைக் கழித்து நானே சரிபார்த்துக் கொடுத்தது என்று நவரட்ணம் பெருமையோடு சொன்னார்.

டிரைவர் ஷார்ட்ஸைப் பக்குவமாக மடித்துப் பிரிஜிட்டின் கையிலேயே திரும்ப வைத்தார்.

"அவசரம் இல்லக்கா, நான் முக்குக் கடையில உட்கார்ந்திருக்கேன், நீங்க அந்தப் பையெல்லாம் பிரிச்சு இடுப்போட சேர்த்துத் தைங்க, ஏன்னா நாளைக்கு இதைப் போட்டுக்கிட்டு தஞ்சோங் பிடாரா கடற்கரையில குப்பை பொறுக்கப் போறது எங்க கம்பெனி போர்டுல உட்கார்ந்திருக்கிற பன்னெண்டு பெரிய மனுஷனுங்க, அவங்க இடுப்பையெல்லாம் டேப் புடிச்சு இஞ்ச் கணக்குல அளந்தவனே நான்தான்."